மூன்றாம் வசனத்துக்கும் நாலாம் வசனத்துக்கும் நடுவே

நான் பார்த்துக்கொள்ளும் வீட்டில் பொழுது சாய்ந்ததும் பூட்ட வேண்டிய கதவுகள் ஒன்பது. பின்னால் கிணற்றடிக் கதவில் தொடங்க வேண்டும். அப்புறம் அடுப்படிக் கட்டு, பந்திக் கட்டு, அங்கிருந்து இரண்டு படி ஏறினால் நடு முற்றமும் தூண்களுமான வளவு, வளவின் இரண்டு பக்கக் கதவுகள், பட்டாலை என்கிற முன்கூடம், முகப்பு, கடைசியாகத் தெருக்கதவு. சில சாவிகள் ஒரு சாண் நீளம். கொத்தை இடுப்பில் செருக முடியாது, கையில்தான் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

கானாடுகாத்தானிலிருந்து பள்ளத்தூர் போகிற பக்கம் எங்கள் ஊர். அதற்கு மேல் அடையாளம் சொல்லவில்லை, வீடு என்னுடையது இல்லையே. செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்வாசலில் நின்று பார்த்தால் எல்லாக் கதவுகளும் ஒரே நேர்கோட்டில் திறந்து, பின்வாசல் வழியாக அடுத்த தெருவே தெரியும். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன காலத்தில் கட்டியது. தேக்குத் தூண், பூப்போட்ட ஆத்தங்குடித் தரைக்கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர். கல்யாணம், சாந்தி, படைப்பு என்று வந்தால் இருநூறு பேர் படுத்து எழுந்திருப்பார்கள். மற்ற நாளெல்லாம் நான் ஒருத்திதான். முகப்பை ஒட்டி, அந்தக் காலத்தில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்து எழுதிய சின்ன அறையில் என் கட்டில். பெட்டியடியாக இருந்த சாய்வு மேசைமேல் என் வேதப்புத்தகம்.

வீட்டுக்கார ஆச்சி சென்னையில் இருக்கிறார். நாங்கள் வேலைக்கு வந்த அன்றே சொல்லிவிட்டார்: "உன் சாமிய நீ கும்பிட்டுக்க ஆத்தா. வாசல் தெளிச்சுக் கோலம் மட்டும் விட்றாத." சாமி வீட்டு விளக்குக்கு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஊர்ப் பண்டாரம் வருவார். கோலம் நான் போடுவேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாள் ஒரு மனக்கசப்பு வந்ததில்லை.

கதவு பூட்டுவது முதலில் என் வேலை இல்லை, என் வீட்டுக்காரர் வேலை. இருபது நிமிஷத்தில் ஒன்பதையும் பூட்டிவிட்டு வருவார். சாவிச் சத்தம் ஒவ்வொரு கட்டாக நெருங்கி வருவதை வைத்தே நான் கஞ்சியை ஊற்றி ஆற வைப்பேன்.

2018 மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை. கஞ்சி ஆறி ஆடை கட்டிவிட்டது. சாவிச் சத்தம் வரவில்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. போய்ப் பார்த்தேன். பந்திக் கட்டிலிருந்து வளவுக்கு ஏறும் படியில் கிடந்தார். நாலாவது கதவு நாதாங்கி போடாமல் அப்படியே இருந்தது. டார்ச் லைட் அணையாமல் உருண்டுபோய் ஒரு தூணின் அடியை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. தூணடியில் இருந்த கல்லில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு பூ. இத்தனை வருஷம் துடைத்த தரை, அந்தப் பூவை அன்றைக்குத்தான் பார்த்தேன். மாரடைப்பு என்றார்கள். வயது 54.

காரியமெல்லாம் முடிந்து மகன் ஒரு மாதம் கூட இருந்தான். திருப்பூருக்கு வந்துவிடு என்றான். அங்கே அவர்கள் இருப்பது ஒற்றை அறை. மருமகள் நல்ல பெண்தான், ஆனால் அந்த அறையில் நான் எங்கே படுப்பது? ஆச்சி போன் செய்தார். "இருக்கியா ஆத்தா, இல்ல வேற ஆள் பாக்கவா? உனக்கு எது தோதோ அதச் சொல்லு, மனசுக்குள்ள வச்சுக்காத." இருக்கிறேன் ஆச்சி என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது பகல் பதினொரு மணி, வளவு முழுக்க வெயில்.

பயம் ராத்திரிதான் வந்தது.

பேய் பயம் என்று நினைத்துவிடாதீர்கள். அவரை அப்படி நினைக்க எனக்கு மனசு வராது. எனக்கு வந்த பயம் வேறு. அதே படியில் எனக்கும் அப்படி ஆனால் யாருக்குத் தெரியும்? சனிக்கிழமை விழுந்தால் வெள்ளிக்கிழமை பண்டாரம் வந்து கதவைத் தட்டும்வரை ஒருவருக்கும் தெரியாது. இந்த ஒரு கணக்கு மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். கூடவே திருட்டுப் பயம். பழைய தேக்குச் சாமானுக்கு இன்றைக்கு என்ன விலை என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். வீடும் சும்மா இருக்காது. பகலெல்லாம் வெயில் குடித்த உத்தரமும் ஓடும் ராத்திரி குளிரும்போது படக் படக்கென்று சத்தம் கொடுக்கும். மரநாய் ஓட்டின்மேல் நடந்தால் ஆள் நடப்பது மாதிரியே இருக்கும். காரணம் தெரியும். ஆனால் தெரிந்த காரணம் ராத்திரி இரண்டு மணிக்குத் துணைக்கு வராது.

இரண்டு மணிக்குத்தான் முழிப்புத் தட்டும். நெஞ்சு படபடவென்று அடிக்கும். மூச்சு மேலே மேலே வாங்கும், விரல் நுனியெல்லாம் ஊசி குத்தும், உள்ளங்கை வேர்த்து ஊற்றும். இதோ போகிறேன், இதுதான் என்று நிச்சயமாகத் தோன்றும். நாலு முறை காரைக்குடிக்கு ஆட்டோ வைத்து ஓடினேன். ஈசிஜி எடுத்தார்கள், இதயத்தில் ஒன்றுமில்லை. நாலாவது தடவை இருந்த டாக்டரம்மா சின்னப் பெண். உட்கார வைத்து விளக்கினார். இது பதற்ற நோய் அம்மா, ஆபத்து வராமலே உடம்பு ஆபத்து மணி அடிக்கிறது என்றார். வேகவேகமாக மூச்சு விடும்போது உடம்பில் கரியமில வாயு குறைந்துபோகும், விரல் மரத்துப்போவதும் தலை சுற்றுவதும் அதனால்தான், அது உங்களைக் கொல்லாது என்றார். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடச் சொல்லிக் கொடுத்தார். மாத்திரையும் எழுதினார். அவருக்காக நான் இன்னும் ஜெபிக்கிறேன்.

மாத்திரை சாப்பிடுவதை ஒரு ஜெபக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அங்கே ஒருவர், வயதில் பெரியவர், "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல்" என்று 2 தீமோத்தேயு 1:7ஐ முழுக்கச் சொல்லிவிட்டு, விசுவாசிக்குப் பயம் எப்படி வரும், எங்கேயோ அறிக்கையிடாத பாவம் இருக்கிறது, மாத்திரையைத் தூக்கிப் போடு என்றார். பத்துப் பேர் முன்னால் சொன்னார். அன்று ராத்திரி எனக்கு இரண்டு பயம். நாலாவது கதவுப் படியின் பயம் ஒன்று, என் ஆண்டவரே என்னை விட்டுவிட்டாரோ என்ற பயம் ஒன்று. முதல் பயத்தைவிட இரண்டாவதுதான் என்னைக் கீழே தள்ளியது. இதைப் படிக்கிறவர்களில் யாராவது அந்த மாதிரி வார்த்தையை வாங்கியிருந்தால் அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்த வசனம் சத்தியம்தான். ஆனால் அது பவுல் சிறையிலிருந்து தன் பிள்ளை மாதிரி வளர்த்த தீமோத்தேயுவுக்கு அன்பாக எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் கண்ணீரை நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று மூன்று வசனத்துக்கு முன்னால் எழுதிவிட்டுத்தான் அதை எழுதுகிறார். தேற்றக் கொடுத்த வார்த்தையை எடுத்து அடிக்கக் கூடாது.

எங்கள் போதகர் ஐயாவிடம் போய் அழுதேன். அவர் பிரசங்கம் ஒன்றும் பண்ணவில்லை. மாற்கு 14:33ஐத் திறந்து என்னையே படிக்கச் சொன்னார். கெத்செமனே தோட்டத்தில் இயேசு "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்." எத்தனையோ பெரிய வெள்ளிக்கிழமை கேட்ட பகுதி. திகில் என்ற வார்த்தை அதில் இருக்கிறதென்று அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. "அவருக்கு என்ன பாவம் இருந்துச்சும்மா?" என்று மட்டும் கேட்டார். மாத்திரையைச் சாப்பிடுங்கள், ஜெபத்தையும் விடாதீர்கள் என்று அனுப்பினார்.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா தேவகோட்டையில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளை. சிட்டையில் அன்றன்றைக்கு வந்ததை எழுதி, அதைப் பேரேட்டில் ஏற்றி, வருஷக் கடைசியில் ஐந்தொகை போட்டு நிறுத்துவார். நாலணா உதைத்தாலும் படுக்கமாட்டார். அம்மா சத்தம் போடுவாள், காலையில் பார்த்தால் ஆகாதா என்று. "எழுதி வச்சுட்டேன்னா அது ஏட்டுல இருக்கும். எழுதாட்டி என் நெஞ்சுல இருக்கும், எனக்குத் தூக்கம் வராது" என்பார்.

அவருடைய பழைய வேதப்புத்தகம்தான் என்னிடம் இருப்பது. அதில் அவர் கோடு போட்டிருப்பது அபூர்வம். புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்ற கட்சி. அந்த ஆனி மாதம் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் சங்கீதத்தைப் புரட்டும்போது 56ஆம் சங்கீதத்தில் பென்சில் கோடு. எட்டாம் வசனம்: "என் அலைச்சல்களை தேவரீர் எண்ணியிருக்கிறீர், என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும், அவைகள் உம்முடைய கணக்கில் அல்லவோ இருக்கிறது?" கணக்கில் என்ற வார்த்தைக்கு அடியில் மட்டும் இரண்டு கோடு, கூட்டுத்தொகைக்குக் கீழே போடுவாரே, அந்த மாதிரி.

சின்ன வயதில் இந்த வசனம் எனக்குப் புரியாது. துருத்தி என்றால் எங்களுக்குக் கொல்லுப்பட்டறைத் துருத்திதான். நெருப்பு ஊதுகிற துருத்தியில் கண்ணீரை எதற்கு வைக்க வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். அது தண்ணி வைக்கிற தோல் பை, வனாந்தரத்தில் நடக்கிறவனுக்குத் தண்ணிதான் உயிர், ஒரு சொட்டு சிந்தவிடமாட்டான் என்றார். என் கண்ணீரையும் ஒருவர் அப்படிச் சிந்தாமல் வைத்திருக்கிறார், ஏட்டிலும் பதிந்திருக்கிறார். எட்டு மாதத்து, இல்லை, நாலு மாதத்து அழுகையெல்லாம் அன்று ராத்திரி ஒன்றாக வந்தது. எனக்கு எட்டு மாதம் மாதிரிதான் இருந்தது.

அப்புறம் மேலே பார்த்தேன். மூன்றாம் வசனம். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." ஒரே வரி. பயப்படாத நாளில் என்று எழுதவில்லை. பயம் தீர்ந்த பிறகு என்றும் எழுதவில்லை. பயம் வந்த அதே நாளுக்குள்ளேயே நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. சங்கீதத்தின் தலைப்பைப் பாருங்கள், பெலிஸ்தர் தாவீதைக் காத்தூரில் பிடித்தபோது பாடினது என்று இருக்கும். காத், பெலிஸ்தரின் ராட்சத வீரன் கோலியாத்தின் ஊர். சின்னப் பையனாக இருந்தபோது கோலியாத்தை விழத் தட்டின அதே தாவீது, சவுல் ராஜாவுக்குத் தப்பி ஓடி, வேறு போக்கிடம் இல்லாமல் அந்த ஊருக்கே போகிறான், அதுவும் கோலியாத்தின் பட்டயத்தை வைத்துக்கொண்டு. அடையாளம் கண்டுகொண்டார்கள். "மிகவும் பயப்பட்டு" என்று 1 சாமுவேல் 21இல் பச்சையாக எழுதியிருக்கிறது. பைத்தியம் மாதிரி நடிக்கிறான், வாசற்கதவுகளில் கீறுகிறான், தாடியில் நுரை வழியவிடுகிறான். வாசற்கதவில் நகத்தால் கீறிக்கொண்டிருந்த அந்த மனுஷனைப் பார்த்ததும், நாலாவது கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. கோலியாத்துக்குப் பயப்படாதவன் பின்னொரு நாளில் பயந்திருக்கிறான். அந்தப் பயத்தை வைத்துத்தான் இந்தப் பாட்டு.

மூன்றாம் வசனத்தில் பயப்படுகிற நாள். அடுத்த வசனத்திலேயே, "தேவனை நம்பியிருக்கிறேன், நான் பயப்படேன்." புத்தகத்தில் இரண்டுக்கும் நடுவே இடைவெளியே கிடையாது. எனக்கு அந்த இடைவெளி கிட்டத்தட்ட இரண்டு வருஷம்.

மறுநாள் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். அப்பா மாதிரி சிட்டை எழுத ஆரம்பித்தேன். தேதி, மணி, எந்தக் கதவு, என்ன பயம். அவ்வளவுதான். பக்கத்தின் கீழே "உம்முடைய கணக்கில்" என்று எழுதி மூடிவிடுவேன். ஜூலை மாதம் 31 ராத்திரியில் 27 பதிவு. ஆகஸ்டில் 26. கூட்டிப் பார்த்தபோது சோர்வாகத்தான் இருந்தது. ஆனால் எழுதி முடித்ததும் சில ராத்திரி கண் அசந்ததும் உண்மை. கதவு பூட்டும்போது கதவுக்கு ஒரு வசனம் என்று 56ஆம் சங்கீதத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு நடப்பேன். சங்கீதத்தில் 13 வசனம், கதவோ ஒன்பது. மிச்ச நாலையும் கட்டிலில் உட்கார்ந்து சொல்லுவேன். நாலாவது கதவுக்கு நாலாம் வசனம்தானே வர வேண்டும்? வராது. "நான் பயப்படேன்" என்று அந்தப் படியில் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆண்டவரிடம் பொய் சொல்லக் கூடாது என்று அந்த இடத்தில் மூன்றாம் வசனத்தையே இரண்டாம் தடவை சொல்லித் தாண்டிவிடுவேன்.

என் அம்மாச்சி இருந்திருந்தால் இதைப் புரிந்துகொண்டிருப்பாள். அம்மா வழியில் அவர்கள் கத்தோலிக்கர்கள். சின்ன வயதில் பிப்ரவரி மாதம் என்னை ஓரியூர்த் திருவிழாவுக்குக் கூட்டிப்போவாள். சுற்றுவட்டாரத்தில் நடந்தே வருகிறவர்கள் ஏராளம். அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோ சாமியார் ரத்தம் சிந்திய இடம் என்று அந்தச் செம்மண்ணை அள்ளி முந்தானையில் முடிந்துகொள்வாள். லிஸ்பனில் பிறந்தவர், இங்கே வந்து காவி கட்டி, மரக்கறி சாப்பிட்டு, நம் ஊர்ச் சாமியார் மாதிரியே வாழ்ந்தவர். 1693 பிப்ரவரி 4ஆம் தேதி அங்கே அவரை வெட்டினார்கள். கத்தி வரும்போது அவருக்குப் பயமாக இருந்திருக்காதா என்று அம்மாச்சியிடம் கேட்டேன். எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. அவள் சொன்னது: "மொதத் தடவ பிடிச்சு அடிச்சு விட்டப்பவே தெரிஞ்சுபோச்சுல்ல, இந்தச் சீமைல என்ன நடக்கும்னு? ஊருக்குப் போனவரு அங்ஙனயே இருந்துருக்கலாம்ல? திரும்பி வந்தாரு பாரு, அதத்தேன் பாக்கணும்." உண்மைதான். 1686இல் இதே மறவர் சீமையில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டவர் அவர். விடுதலையாகிப் போர்ச்சுக்கல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். பெரிய புனிதரோடு என்னைச் சேர்த்துப் பேசவில்லை. ஆனால் பயந்த இடத்துக்கு மறுபடி நடந்து போவது என்ற ஒன்றை அம்மாச்சி அன்றே என் காதில் போட்டு வைத்துவிட்டாள்.

நவம்பர் வந்தது. கஜா புயல்.

வேதாரண்யம் பக்கம் கரை கடக்கும் என்றுதான் டிவியில் சொன்னார்கள். நமக்கு அவ்வளவாக இருக்காது என்று ஊரில் பேச்சு. இருந்தாலும் அன்று மத்தியானம் அவருடைய டார்ச் லைட்டுக்குப் புது பேட்டரி வாங்கிப் போட்டேன். ஒன்பது மாதமாகப் பெட்டிக்குள் கிடந்தது. அதுவரை போன் வெளிச்சத்தில்தான் பூட்டிக்கொண்டிருந்தேன், அந்த டார்ச்சைத் தொட முடியவில்லை. ராத்திரியே கரண்ட் போய்விட்டது. 16ஆம் தேதி வெள்ளிக்கிழமை, விடிவதற்கு இன்னும் நேரம் இருந்தது, காற்று வந்தது. அதைக் காற்று என்று சொல்லக் கூடாது. வீடு முழுக்க ஒரு பெரிய சங்குக்குள் இருக்கிற மாதிரி இருந்தது. ஓடுகள் வரிசையாகப் பறந்து வளவில் விழுந்து உடைகிற சத்தம். முற்றத்து மழை பக்கவாட்டில் அடித்து முகப்புவரை சாரல். நெஞ்சு படபடப்பு ஆரம்பித்தது, விரல் மரத்தது. டாக்டரம்மா சொன்ன மாதிரி மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு போர்வைக்குள் கிடந்தேன்.

அப்போதுதான் பின்னால் யாரோ கதவை இடிக்கிற சத்தம். காற்று என்று நினைத்தேன். மறுபடி. காற்று அப்படி மூன்று மூன்றாக இடிக்காது.

திருடர்கள் என்றுதான் மனம் சொன்னது. புயல் ராத்திரி, கரண்ட் இல்லை, வீட்டில் ஒரு பொம்பளை. போகாதே என்று உடம்பு முழுக்கச் சொன்னது. ஆனால் பின் தெருவில் இருப்பதெல்லாம் ஓலைக் கொட்டகையும் தகரக் கூரையும் என்பது எனக்குத் தெரியும். தினம் கிணற்றடியில் பார்க்கிற முகங்கள்.

டார்ச்சையும் சாவிக்கொத்தையும் எடுத்தேன். வழக்கமாகப் பின்னாலிருந்து முன்னால் வருகிறவள் அன்றைக்கு முன்னாலிருந்து பின்னால் போக வேண்டும், ஒவ்வொரு பூட்டாகத் திறந்துகொண்டு. முகப்பு திறந்தேன். பட்டாலை. வளவைச் சுவரோரமாகக் கடந்தேன், கால் முழுக்க உடைந்த ஓடு. நாலாவது கதவில் சாவி சேரவில்லை. கை நடுக்கத்தில் வேறு சாவியைப் போட்டு இழுத்துக்கொண்டிருக்கிறேன். கதவு திறந்ததும் டார்ச் வெளிச்சம் நேரே அந்தத் தூணடியில், அந்தப் பச்சைப் பூவில் விழுந்தது. அதே டார்ச், அதே பூ. கால் மடங்கிவிட்டது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாம் வசனம்கூட வரவில்லை. பேதுரு தண்ணீரில் அமிழ்கிறபோது கூப்பிட்டது வந்தது. "ஆண்டவரே, என்னை இரட்சியும்." மத்தேயு 14:30. மூன்று வார்த்தை. அமிழ்கிறவனுக்கு அதற்கு மேல் பேச மூச்சு ஏது? அதையே சொன்னேன், எத்தனை தடவை என்று தெரியாது. பேதுருவின் கையைப் பிடித்ததுபோல் யாரும் என் கையைப் பிடிக்கவில்லை, காற்றும் அமரவில்லை. ஆனால் பின்னால் ஒரு பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, அது என் பலம் இல்லை என்பது மட்டும் தெரியும். பயம் அப்படியே இருந்தது, பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. பந்திக் கட்டு, அடுப்படிக் கட்டு, கிணற்றடி. குறுக்குக் கட்டையைத் தூக்கிப் போட்டுக் கதவைத் திறந்தால் பதினேழு பேர், இரண்டு ஆடு, கூடைக்குள் கோழிகள். எல்லாரும் தெப்பமாக நனைந்து நிற்கிறார்கள்.

"என்னத்தா, இம்புட்டு நேரமா தட்டுறோம்" என்றாள் முன்னால் நின்ற கிழவி.

"பயந்துபோனேன் ஆத்தா" என்றேன்.

"நாங்களுந்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

பந்திக் கட்டில் ஜமக்காளத்தை விரித்தோம். கல்யாணப் பாத்திரத்தில் கருப்பட்டிக் காப்பி போட்டேன். கூரை போனவர்கள் கதையைச் சொல்லி அழுதார்கள், ஒருவருக்கு ஒருவர் தலை துவட்டிவிட்டார்கள். நல்லபடியாக விடிந்ததும் காற்று குறைந்தது. துணி எடுக்க வளவுப் பக்கம் போகிறேன், நாலாவது கதவுப் படியில், அவர் கிடந்த அதே இடத்தில், ஐந்து வயதுப் பையன் ஒருவன் ஆட்டுக்குட்டியை அணைத்துச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு அது வெறும் படி. எழுப்ப மனசில்லாமல் நெடுநேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரண்ட் வரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பெல்லாம் வேரோடு சாய்ந்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டோம். எங்கள் ஊரில் உயிர்ச்சேதம் இல்லை. நாலாம் நாள் போன் கிடைத்ததும் ஆச்சிக்கு நடந்ததைச் சொன்னேன், ஆட்டையும் உள்ளே விட்டதைக்கூட மறைக்கவில்லை. "எங்க ஆயா காலத்துல தாதுவருஷப் பஞ்சத்துக்குக் கஞ்சி ஊத்துனதாச் சொல்லுவாக. நல்லது செஞ்ச ஆத்தா" என்றார்.

அதோடு பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். நோட்டு வேறு மாதிரி சொல்கிறது. டிசம்பரில் 14 பதிவு. 2019 மார்ச்சில் 9. நடுவில், அவர் போய் ஒரு வருஷம் திரும்பிய மாசியில் ஏறி, மறுபடி இறங்கியிருக்கிறது. மாத்திரையை அந்த ஆவணி வாக்கில் டாக்டரம்மாவே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். பின் தெருக் கிழவி சாயங்காலம் வந்து திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுவிட்டுப் போவது வழக்கமானது. காலையில் என் வாசலில் கோலம் இல்லையென்றால் கதவைத் தட்டிப் பார்ப்பது என்று அவளாகவே ஒரு ஏற்பாடு வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமைவரை யாருக்கும் தெரியாது என்ற என் பழைய கணக்கை ஆண்டவர் அவளை வைத்து நேர்பண்ணினார் என்றுதான் நான் நம்புகிறேன்.

2020 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை. நோட்டில் தேதி இருக்கிறது. அன்று பட்டாலைக் கதவில் சாவி போடும்போதுதான் உறைத்தது. நாலாவதை எப்போது தாண்டினேன்? என்ன சொல்லித் தாண்டினேன்? திரும்பிப் போய்ப் பார்த்தேன், பூட்டித்தான் இருந்தது. நாலாவதுக்கு நாலாம் வசனத்தையே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், வாய் தன்பாட்டுக்குச் சொல்லியிருக்கிறது. அங்கேயே நின்று இன்னொரு தடவை, தெரிந்தே சொன்னேன். "தேவனை நம்பியிருக்கிறேன், நான் பயப்படேன்." வளவில் நிலா இல்லை. இருட்டுதான். தூணைத் தொட்டு அவரிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தேன்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பங்காளிகள் எல்லோரும் பேசி வீட்டை ஓட்டல் நடத்துகிறவர்களுக்கு விடுவதாக முடிவாகியிருக்கிறது. இந்தப் பக்கம் எத்தனையோ வீடுகள் அப்படி ஆகிவிட்டன. இடிந்து விழுவதற்கு அது மேல். தை பிறந்ததும் நான் வேறு இடம் பார்க்க வேண்டும். காரைக்குடியில் ஒரு வீட்டு மாடியில் அறை சொல்லியிருக்கிறார்கள். ஆச்சி முன்பணம் தருகிறேன் என்கிறார். கிழவியை விட்டுப் போக வேண்டும், அந்தப் படியையும் தூணையும் விட்டுப் போக வேண்டும். எதைப் பார்த்துப் பயந்தேனோ அதை விட்டுப் போவதற்கு இப்போது பயமாக இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்புத் தட்டியது. நெஞ்சு அதே பழைய அடி. விரல் நுனியில் அதே ஊசி. விளக்கைப் போட்டு அப்பாவின் புத்தகத்தை எடுத்தேன். 56ஆம் சங்கீதத்தில் பதினோராம் வசனத்தை அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். நாலாம் வசனத்தில் "நான் பயப்படேன்" என்று சொன்ன தாவீது அங்கே அதே வார்த்தையை இன்னொரு தடவை சொல்கிறான். நடுவில் அவனுக்கும் மறுபடி வந்திருக்கும்.

நோட்டில் பழைய பக்கத்துக்குக் கீழே தேதி போட்டு எழுதினேன். மணி 2.10. கதவு என்ற இடத்தில் கோடு. பயம் என்ற இடத்தில், புது வீடு.

இப்போது மணி ஆறே கால். பொழுது இறங்கிவிட்டது. கிணற்றடிக் கதவு இன்னும் திறந்திருக்கிறது. டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போகிறேன். இன்றைக்கு நாலாவது கதவில் மூன்றாம் வசனம்.